ஈஸா நபியும் இயேசுவும் ஒன்றுதானா?

கோட்டாறு மைனர்:
நேற்று எங்கள் தெருக் கிறிஸ்துமஸ் குடில் முன்னால் நின்று தக்கலை முஸ்லிம் நண்பனிடம், "ஈஸா, இயேசு எல்லாம் ஒன்றுதான், பெயர்தான் வேறு" என்றேன். முகம் மாறிவிட்டது. என்ன தப்பு? கன்னியிடம் பிறந்தார், குருடருக்குப் பார்வை தந்தார், இறந்தவரை எழுப்பினார். குர்ஆனிலும் இதெல்லாம் இருக்கிறதே?

தக்கலைக்காரன்:
முகம் மாறியவன் நான்தான். உங்கள் குடிலையே எடுத்துக்கொள்வோம் மைனரே. முளைவிட்ட புல், மாடு, பக்கத்தில் மரியாளின் கணவர் சூசையப்பர். குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்துக்கு மர்யம், அதாவது மரியாள், என்றே பெயர். அதில் தொழுவமும் இல்லை, சூசையப்பரும் இல்லை. பேரீச்ச மரத்தடியில் தனியாக வலி பொறுக்காமல், "இதற்கு முன்பே நான் செத்திருக்கக் கூடாதா" என்கிறார் மர்யம். மரத்தை உலுக்கச் சொல்லிக் குரல் வருகிறது, பழம் உதிர்கிறது. பிள்ளையோடு போனால் சனம் ஏசுகிறது. அப்போது தொட்டில் பிள்ளை வாய் திறந்து சொல்லும் முதல் பேச்சு: "நான் அல்லாஹ்வின் அடிமை." இதை விட்டுவிட்டு ஒன்றுதான் என்றால் எப்படி?

மயிலாடி வாத்தியார்:
தம்பி சொல்வது சரி, ஒன்று இல்லை. யோவான் சுவிசேஷத்தில், உயிர்த்தெழுந்தவரைப் பார்த்து சீடன் தோமா, "என் ஆண்டவரே, என் தேவனே" என்றான்; இயேசு மறுக்கவில்லை. அடிமையின் ரூபமெடுத்தார் என்று பவுலும் எழுதுகிறார். 'எடுத்தார்' என்பதைக் கவனியுங்கள்; முதலிலேயே அடிமையாய் இருந்தவரல்ல.

தக்கலைக்காரன்:
அதே யோவானில், "பிதா என்னிலும் பெரியவர்" என்றும் இருக்கிறதே வாத்தியாரே? 325இல் ஆயர்கள் நிசேயா நகரில் கூடி அவரைத் தெய்வமாக்கியதாகத்தானே சொல்கிறார்கள்?

மயிலாடி வாத்தியார்:
அது வாட்ஸ்அப் சரித்திரம். அதற்கு 200 வருடம் முன்பே, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று ரோம ஆளுநர் பிளினி பேரரசருக்கு எழுதிவிட்டார். நிசேயாவில் யாருடைய போதனையை நிராகரித்தார்களோ அந்த ஆரியுஸ் என்ற குருகூட அவரை வெறும் மனிதர் என்று சொல்லவில்லை. பெரியவர் என்றது மனிதனாய்த் தாழ்ந்த நிலையில் சொன்னது. அது கிடக்கட்டும், எனக்கு இடறுவது, சிலுவைச் சாவை நீங்கள் மறுப்பதுதான். கிறிஸ்தவரல்லாத ரோம வரலாற்றாசிரியர் தாசித்துகூட, ஆளுநர் பிலாத்து அவரைக் கொன்றதாக எழுதியிருக்கிறார்.

தக்கலைக்காரன்:
"அவரைக் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை, அவர்களுக்கு அப்படித் தோன்றச் செய்யப்பட்டது" என்கிறது குர்ஆன் 4:157. தாசித்து எழுதியது சனம் நம்பியதை. நம்பினார்கள் என்பதை நாங்களும் மறுக்கவில்லை. தன் நபியை அல்லாஹ் எதிரி கையில் விடுவானா?

கோட்டாறு மைனர்:
நபிமார் கொல்லப்பட்டதாகக் குர்ஆனிலேயே வருகிறதே நண்பா! விசுவாசத்தை விடாத எங்கள் தேவசகாயம் பிள்ளையை 1752இல் காற்றாடிமலையில் சுட்டார்கள். ஆண்டவர் கைவிட்டார் என்று இங்கே யாரும் நினைக்கவில்லை. 2022இல் புனிதர் பட்டமே வந்தது.

தக்கலைக்காரன்:
சரி, அந்த வாதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் மன்னிப்புக்கு ஒருவர் சாக வேண்டும் என்பது எங்களுக்குப் புரியவே இல்லை. ஆதம் நபி தவ்பா செய்தார், அதாவது வருந்தி மன்னிப்புக் கேட்டார், அல்லாஹ் மன்னித்தான். பிள்ளைகள் தலையில் அந்தப் பாவம் இல்லை.

மயிலாடி வாத்தியார்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! எங்களுக்கு அந்தச் சாவு இல்லையென்றால் ஈஸ்டரே இல்லை, சபையும் இல்லை. ஆதாமிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ராத்திரி எழுதுகிறேன்.

கோட்டாறு மைனர்:
ஆதாமிலிருந்தா? நல்லவேளை, குடிலை ஜனவரி வரை பிரிக்க மாட்டோம்.