புதுப்பிப்பு: பட்டம் இல்லாமல் மென்பொருள் வேலை

பிளஸ் டூ முடித்த அக்கா மகனுக்குப் பட்டம் இல்லாமல் மென்பொருள் துறையில் வேலை கிடைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும், சோஹோ என்னும் மென்பொருள் நிறுவனம் நடத்தும் சோஹோ பள்ளியைச் சொன்னீர்கள். 2005 முதல் நடந்துவரும் அப்பள்ளி, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்து ஈராண்டுகள் பயிற்றுவிப்பதால், அதற்கே விண்ணப்பித்திருக்கிறான்.

வெளிநாடு என்று வரும்போதுதான் பட்டம் குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவில் வேலை பார்ப்பதற்கான எச்-1பி விசாவுக்கு இளநிலைப் பட்டமோ அதற்கு இணையான தகுதியோ வேண்டும். ஓராண்டுக் கல்லூரிப் படிப்புக்கு மூன்றாண்டு அனுபவம் என்று கணக்கிடுவதால், நான்காண்டுப் பட்டத்துக்கு ஈடாக 12 ஆண்டுகள் வேலை பார்த்திருக்க வேண்டும். ஆகவே, வேலையில் சேர்ந்தபின் இக்னோ என்னும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.சி.ஏ. (கணினிப் பயன்பாட்டில் இளநிலைப் பட்டம்) படிக்கவைக்க எண்ணியிருக்கிறோம், அது மூன்றாண்டுப் பட்டம் என்பதால், மீதி ஓராண்டை அனுபவத்தைக் காட்டித்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும்.