ரீஸ்டார்ட் செய்தால் என்விடியா செட்டிங்ஸ் எல்லாம் போய்விடுகிறது (லினக்ஸ் மின்ட்)

கல்லடி_அல்பம்

வணக்கம். நான் கல்லடியில் வீட்டிலிருந்தே கல்யாண அல்பம் டிசைன் செய்து கொடுக்கிறேன். டெஸ்க்டொப், என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 கார்ட், லினக்ஸ் மின்ட் 21.3 சினமன், இரண்டு மொனிட்டர். இடப்பக்கம் இருப்பதில் நான் வேலை செய்வேன், வலப்பக்கம் இருப்பது வருகிறவர்கள் கதிரையில் இருந்து பார்ப்பதற்கு.

பிரச்சினை இதுதான். என்விடியா செட்டிங்ஸைத் திறந்து கலர் கரெக்ஷன் பக்கத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் காமாவையும் (நடுத்தர நிறங்களின் வெளிச்ச அளவு) கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவேன். அச்சாகி வந்த அல்பம் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, கூறைச் சேலையின் சிவப்பு தாளிலும் திரையிலும் ஒன்றாகத் தெரியும் வரைக்கும் இருந்து சரிசெய்வேன், அதற்கே முக்கால் மணித்தியாலம் போகும். டிஜிட்டல் வைப்ரன்ஸையும் கொஞ்சம் ஏற்றுவேன். வீடியோ ஓடும்போது படம் நடுவில் கிழிந்த மாதிரித் தெரிவதால் ஃபோர்ஸ் ஃபுல் கொம்பசிஷன் பைப்லைனுக்கும் சரி போடுவேன். ரீஸ்டார்ட் செய்தால் ஒன்றும் இல்லை. கூறை ஒரேஞ்சாக நிற்கும், வலது மொனிட்டர் இடதாகிவிடும், வீடியோ திரும்பவும் கிழியும். கரண்ட் நின்றால் என் யுபிஎஸ் பத்து நிமிடம்தான் தாங்கும், அதனால் சில நாட்களில் இதே வேலையை இரண்டு தரம் செய்கிறேன்.

இன்னொன்றும் நடக்கிறது. அந்தப் பேனலைத் திறந்த உடனே, நான் எதையும் தொடும் முன்பே, திரை ஒரு தரம் மினுங்கி நிறம் மாறுகிறது. ஆனால் அது நேற்று நான் வைத்த நிறமில்லை. முன்பு பாவித்த, இப்போது வீட்டிலேயே இல்லாத ஒரு மொனிட்டருக்காக வைத்த மஞ்சள் கலந்த நிறம்.

சேவ் டு எக்ஸ் கான்ஃபிகரேஷன் ஃபைல் என்ற பட்டனை அழுத்தினால் எழுத முடியவில்லை என்று வருகிறது. கார்ட் வாங்கிய கடையில் கேட்டேன், விண்டோஸ் போடச் சொல்கிறார்கள். கிம்ப், டார்க்டேபிள், இங்க்ஸ்கேப் எல்லாம் எனக்கு இதில்தான் கை பழகியிருக்கிறது, மாற விருப்பமில்லை. யாராவது சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று_காக்கா

தங்கச்சி, விண்டோஸ் போடத் தேவையில்லை. நீங்கள் கடைசியாக எழுதிய அந்த மஞ்சள் நிறத்தில்தான் விஷயம் இருக்கிறது.

அந்தப் பேனலில் நீங்கள் நகர்த்துவது எதுவும் கார்டுக்குள் பதிவதில்லை. அந்த நேரம் ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ் சேர்வர் என்ற, திரையில் படம் காட்டும் நிரலின் நினைவில்தான் நிற்கும், லொக்அவுட் செய்தாலே போய்விடும். பேனலை மூடும்போது அது உங்கள் வீட்டு ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் என்விடியா-செட்டிங்ஸ்-ஆர்சி என்ற ஃபைலில் எழுதி வைக்கும். அடுத்த தரம் பேனலைத் திறக்கும்போது அந்த ஃபைலை வாசித்துப் போட்டுவிடும். ஆனால் லொகின் ஆகும் நேரத்தில் அதை வாசிக்க ஒருவரும் இல்லை, நாம்தான் அதற்கு ஆள் வைக்க வேண்டும். எழுதி வைப்பதும் வாசித்துப் போடுவதும் இரண்டு வேறு வேலை, இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் லேசு.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். பேனலைத் திறந்ததும் பழைய நிறம் வருகிறது என்றால், வாசிப்பு நடக்கிறது, எழுத்து நடக்கவில்லை. ஃபைல் எப்போதோ ஒரு நாள் பூட்டுப்பட்டுப் போயிருக்கிறது. அந்த சேவ் பட்டன் வேலை செய்யவில்லை என்று எப்போதாவது சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற நிர்வாகியின் உரிமையோடு, இதே பேனலைத் திறந்தீர்களா? பழைய மின்ட் 19 காலத்தில் அப்படித் திறந்தால் ரூட்டுடைய பெயரில் உங்கள் ஃபோல்டருக்குள்ளேயே இந்த ஃபைல் எழுதப்படும். அதற்குப் பிறகு நீங்கள் சாதாரணமாகத் திறந்து மூடினால் அதில் எழுத உரிமை இல்லை, மெனுவில் இருந்து திறந்தால் அந்தப் பிழைச் செய்தி கண்ணிலும் படாது.

பார்ப்பதற்கு டெர்மினல் தேவையில்லை. வீட்டு ஃபோல்டரைத் திறந்து கண்ட்ரோலையும் எச்சையும் அழுத்துங்கள், ஒளிந்திருக்கும் ஃபைல்கள் தெரியும். அந்த ஃபைலின் மேல் சின்னப் பூட்டுப் படம் இருக்கிறதா, திகதி என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஒலுவில்_பெங்குயின்

அக்கா, எனக்கும் இதே மாதிரி இருந்தது, ஆனால் என்னுடையது லப்டொப், இன்டெலும் என்விடியாவும் சேர்ந்தது. அதில் திரை இன்டெலோடுதான் இணைந்திருக்கிறது, பேனலில் டிஸ்ப்ளே கான்ஃபிகரேஷன் பக்கமே வராது. நான் டெஸ்க்டொப் வைத்திருக்கும் நண்பன் ஒருவனின், எக்ஸ் தொடங்கும்போது வாசிக்கும் எக்ஸ்ஓஆர்ஜி ஃபைலைக் கொண்டுவந்து போட்டு, கறுப்புத் திரையோடு ஒரு இரவு முழுக்க இருந்தேன். லப்டொப்காரர்கள் யாரும் இந்தத் திரியைப் பார்த்து அப்படிச் செய்ய வேண்டாம். கிழிவதற்கு எங்களுக்கு உள்ள வழி வேறு, லினக்ஸின் மையமான கெர்னலுக்கு என்விடியா-டிஆர்எம் மோட்செட் 1 என்று கொடுப்பது.

லொகின் பக்கத்தில் எக்ஸ் செஷன்தானா என்றும் ஒரு தரம் பாருங்கள். எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டில் போனால் அந்தப் பேனலின் நிற மாற்றங்கள் வேலை செய்யாது. மின்ட் 21.3 சினமனில் வேலண்ட் சோதனை நிலைதான், நீங்களாகத் தெரிவு செய்யாமல் வராது.

கல்லடி_அல்பம்

காக்கா, பூட்டு இருக்கிறது! உரிமையாளர் ரூட் என்று காட்டுகிறது, திகதி 2021. ஞாபகம் வந்துவிட்டது, அந்த வருடம் பழைய மொனிட்டருக்கு எங்கோ வாசித்துவிட்டு சூடோ போட்டுத்தான் திறந்தேன். மின்ட் 19 இல் இருந்து வீட்டு ஃபோல்டரை அப்படியே கொண்டுவந்ததால் அதுவும் கூடவே வந்திருக்கிறது. தம்பி, எக்ஸ் செஷன்தான், பார்த்தேன். இனி என்ன செய்ய வேண்டும்?

அக்கரைப்பற்று_காக்கா

நல்லது. ஃபைல் ரூட்டுடையது, ஆனால் அது கிடக்கிற ஃபோல்டர் உங்களுடையது, அதனால் பாஸ்வேர்ட் இல்லாமலே அதை அழிக்க ஏலும். அழித்துவிட்டு பேனலைத் திறந்து, பொறுமையாகக் கடைசித் தரமாக ஒருக்கா நிறத்தைச் சரிசெய்து, மூடுங்கள். பூட்டில்லாத புது ஃபைல் வந்திருக்கும்.

பிறகு ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸில் புதிதாக ஒன்று சேர்த்து, கட்டளை எழுதும் இடத்தில் என்விடியா-செட்டிங்ஸ், ஒரு இடைவெளி, இரண்டு சிறுகோடு, லோட்-கான்ஃபிக்-ஒன்லி என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். சொற்களுக்கு நடுவில் வரும் கோடுகளையும் விட வேண்டாம். பேனல் திறக்காமலே ஃபைலை மட்டும் வாசித்துப் போட்டுவிட்டு அது தானாகப் போய்விடும். டிலே என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் 10 வினாடி வையுங்கள். நிறத்தை எழுதும் பலகை கார்டில் ஒரு மொனிட்டருக்கு ஒன்றுதான். சினமனின் கலர் பகுதியும், ரெட்ஷிஃப்ட் போட்டிருந்தால் அதுவும் லொகின் நேரத்தில் அதே பலகையில் எழுதும், கடைசியாக எழுதியது எதுவோ அதுதான் நிற்கும். ரெட்ஷிஃப்ட் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள், பின்னேரமானால் திரையை மஞ்சளாக்கும் ஒன்று அல்பம் வேலைக்குச் சரிவராது.

கிழிவதும் மொனிட்டர் இடம் மாறுவதும் அந்த ஃபைலில் சேராது, அதை வேறாகப் பார்க்க வேண்டும். முதலில் மின்டின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் எது இடது, எது வலது என்று வைத்து அப்ளை கொடுங்கள். சினமன் லொகினில் தன்னுடைய பதிவைத்தான் போடும், என்விடியா பேனலில் வேறு மாதிரி வைத்தால் இரண்டும் மோதி பைப்லைன் செட்டிங்கும் சேர்ந்து அடிபட்டுப் போகும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வைத்த பிறகு பைப்லைனுக்குச் சரி போட்டு, சேவ் பட்டனை அழுத்தி, வருகிற பெட்டியில் இடத்தை மாற்றி உங்கள் வீட்டு ஃபோல்டருக்குள்ளேயே எக்ஸ்ஓஆர்ஜி புள்ளி கான்ஃப் என்று சேமியுங்கள், அதற்கு சூடோ தேவையில்லை. பிறகு ஃபைல் மேனேஜரில் ஓபன் அஸ் ரூட் கொடுத்து, இடிசிக்குள் எக்ஸ்11 ஃபோல்டரில் அதைப் பேஸ்ட் செய்யுங்கள். பேனலை மட்டும் சூடோவில் திறக்காதீர்கள், இந்தக் கஷ்டம் முழுக்க அதில் இருந்துதான் வந்தது.

ரீஸ்டார்ட் செய்யும் முன் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் திரை வந்தால் கண்ட்ரோல், ஒல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தி, எழுத்துத் திரையில் லொகின் செய்து, எக்ஸ்11 ஃபோல்டரில் வைத்த அந்த ஃபைலை சூடோ ஆர்எம் கொடுத்து அழித்து, திரும்ப ரீஸ்டார்ட் செய்தால் காணும். அது இல்லாவிட்டால் எக்ஸ் தானாகவே மொனிட்டர்களைக் கண்டுபிடித்துக்கொள்ளும். பயப்பட ஒன்றும் இல்லை.

களுவாஞ்சிக்குடி_ஸ்டூடியோ

பிள்ளை, காக்கா சொன்னது எல்லாம் சரி, செட்டிங்ஸ் நிற்கும். ஆனால் நான் முப்பது வருடமாகப் படம் அச்சடிக்கிற ஆள், ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. டிஜிட்டல் வைப்ரன்ஸை பூச்சியத்தில் வையுங்கள். அது திரையில் மட்டும் நிறத்தை ஊதிக் காட்டும், படத்துக்குள் ஒன்றும் மாறாது. நீங்கள் திரையைப் பார்த்து, சிவப்புக் கூடிவிட்டது என்று படத்தில் குறைப்பீர்கள், தாளில் கூறை வெளிறிப் போய் வரும். கிழக்கு மாப்பிள்ளை வீட்டார் கூறையின் நிறத்தை எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கண்ணால் காமா நகர்த்துவதும் அன்றைக்கு அறையில் உள்ள வெளிச்சத்தோடு மாறும். ஒரு தரம் அளக்கும் கருவியைத் திரையில் தொங்கவிட்டு டிஸ்ப்ளேகால் மென்பொருளால் அளந்து ஐசிசி புரொஃபைல் (மொனிட்டர் நிறத்தை எப்படிக் காட்டுகிறது என்ற பதிவு) ஒன்று எடுங்கள், இரண்டு மொனிட்டருக்கும் வேறு வேறாக. அதை மின்டின் கலர் பகுதியில் சேர்த்தால் லொகினில் தானாகவே ஏறும். கிம்பும் டார்க்டேபிளும் புரொஃபைலைப் பார்த்துத்தான் நிறத்தைக் காட்டும், காமா நகர்த்துவதை மட்டும் அவை அறியாது. என்னிடம் கருவி இருக்கிறது, பிள்ளை வந்து கொண்டுபோகலாம்.

அப்படி எடுத்தால் காக்கா சொன்ன ஸ்டார்ட்அப் வரியை எடுத்துவிடுங்கள். இரண்டும் இருந்தால் புரொஃபைல் ஏற்றியதை 10 வினாடி கழித்து அது அழித்துவிடும்.

அக்கரைப்பற்று_காக்கா

ஐயா சொன்னதுதான் உங்கள் தொழிலுக்கு ஏற்ற வழி. நிற விஷயத்தில் அவர் சொல்வதைக் கேளுங்கள். கருவி கைக்கு வரும் வரைக்கும் என்னுடைய வரி இருக்கட்டும்.

கல்லடி_அல்பம்

செவ்வாய்க்கிழமை எல்லாம் செய்து முடித்தேன், பார்த்துவிட்டு எழுதலாம் என்று இரண்டு நாள் பொறுத்திருந்தேன். பழைய ஃபைலை அழித்தேன், புது ஃபைலில் பூட்டு இல்லை. முதல் தரம் டிலே வைக்க மறந்துவிட்டேன், லொகின் ஆகும்போது சரியான நிறம் ஒரு கணம் வந்து உடனே போய்விட்டது. ரெட்ஷிஃப்டை நிறுத்தி 10 வினாடி வைத்த பிறகு நின்றுவிட்டது. மொனிட்டர் இடம் மாறுவதில்லை, வீடியோவும் கிழியவில்லை, கறுப்புத் திரை வரவில்லை. எஃப்2 விஷயத்தை எழுதி மேசையில் ஒட்டித்தான் வைத்திருந்தேன்.

நேற்றுப் பின்னேரம் கரண்ட் போய் யுபிஎஸும் நின்றது. வந்த பிறகு போட்டுப் பார்த்தேன், பேனலைத் திறக்கவே இல்லை, கூறை அதே சிவப்பில் இருந்தது. காக்கா, மனதார நன்றி. தம்பிக்கும் நன்றி.

ஐயா, வைப்ரன்ஸை பூச்சியத்துக்கு இறக்கிவிட்டு, போன மாதம் கொடுத்த ஒரு அல்பத்தைத் திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்னபடியேதான், படத்தில் சிவப்பைக் குறைத்து வைத்திருக்கிறேன். அந்த வீட்டாருக்கு நான்கு பக்கத்தைத் திரும்ப அச்சடித்துக் கொடுக்கப் போகிறேன், கருவி கிடைத்தால் அதற்கு முன்பே அளந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரலாமா?

களுவாஞ்சிக்குடி_ஸ்டூடியோ

வாருங்கள் பிள்ளை, பத்து மணிக்குப் பிறகு கடையில்தான் இருப்பேன். அந்த நான்கு பக்கத்தையும் பென் டிரைவில் கொண்டு வாருங்கள், என் திரையிலும் போட்டுப் பார்ப்போம்.