பெரியவீட்டுக் குழு: புதன்கிழமை யார் கூடப் போவது?

ஞாயிறு, மாலை 6.42

குமார்: புதன்கிழமை செல்வி தலைவலிக்குக் காட்ட பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், கூட யார் போவது? இன்றைக்கே முடிவு பண்ணுங்கள். அன்றைக்குக் கார் எனக்கு வேண்டும்.

தினேஷ்: மாமா, கார் தருகிறேன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்

குமார்: சொன்னேன். நடுவில் வளைகாப்பு வந்துவிட்டது

லதா: தர்மபுரியில் என் தங்கை மகளுக்கு. போன மாதமே இதில் பத்திரிகை போட்டேன். யார் பார்த்தீர்கள்?

ரவி: பார்த்தேன் அண்ணி. கட்டைவிரல் போட்டேனே

முருகன்: புதன் எனக்கு லோடு. பெங்களூரா மாங்காய் கூழ் கம்பெனிக்குப் போகிறது. போன தடவை வாசலில் ஒன்றரை நாள் வண்டி நின்றது. காயைப் பறித்துவிட்டு வீட்டில் வைக்க முடியாது மச்சான்

சண்முகம்: அனைவருக்கும் மாலை வணக்கம். போவதற்கு முன் நிம்ஹான்ஸ் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. 1954இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது. அதையும், அங்கே ஏற்கெனவே இருந்த பழைய மனநோய் மருத்துவமனையையும் 1974இல் ஒன்றாக இணைத்தார்கள். அதுதான் இன்றைய நிம்ஹான்ஸ். மனநலம், நரம்பியல் இரண்டுக்கும் ஒரே வளாகம். ஓசூர் ரோட்டிலேயே இருப்பதால் நம் பக்கத்து மக்களுக்குப் போய்வர வசதி. ஆகவே செல்வி தைரியமாகப் போகலாம்.

கோவிந்தம்மாள்: (குரல் செய்தி, 1:52)

குமார்: யாராவது கேட்டுச் சொல்லுங்கள், கடையில் ஆள் நிற்கிறார்கள்

மேனகா: பெரியம்மா அழுகிறார்கள். என் மகளைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா கூட்டிப் போகிறீர்கள் என்று கேட்கிறார்கள். அப்பா, உங்களிடம் யார் 1974 எல்லாம் கேட்டது?

சண்முகம்: நான் தைரியமாகப் போகலாம் என்றுதான் முடித்தேன்

ரவி: சித்தப்பா, மணி அடித்து ரொம்ப நேரம் ஆயிற்று. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்

மேனகா: பெரியம்மா, பக்கவாதம், வலிப்பு, தலைவலி எல்லாவற்றுக்கும் அங்கே நரம்பு டாக்டர்கள் தனியாக இருக்கிறார்கள். அக்கா அங்கேதான் போகிறாள். மனசுக்குப் பார்க்கிற பிரிவு வேறு. அதற்கே போனாலும் தப்பு ஒன்றும் இல்லை.

லதா: ஆனாலும் ஊரில் கேட்டால் கண் ஆஸ்பத்திரி என்று சொல்லிக்கொள்ளலாம்

செல்வி: பால் சொசைட்டியில் நேற்றே கேட்டுவிட்டார்கள். மூளையில் கட்டியாமே என்று

குமார்: யார் சொன்னது?

ரவி: இந்தக் குழுவில் 23 பேர் இருக்கிறோம் அண்ணா

கோவிந்தம்மாள்: (குரல் செய்தி, 0:48)

தினேஷ்: பாட்டி திருஷ்டிதான் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை மந்திரித்த பிறகு இரண்டு நாள் நன்றாக இருந்ததாம்

செல்வி: ஒரு ராத்திரி. அதுவும் மாத்திரை போட்டுத்தான்

சண்முகம்: எனக்கு வேறொரு சந்தேகம். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் பழைய வியாதி நிலத்தடி நீரில் உள்ள ஃப்ளோரைடு. அதற்காகத்தான் ஜப்பான் கடன் உதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. நான் பாலக்கோடு பக்கம் வேலை பார்த்தபோது முன்வரிசையில் உட்காரும் பிள்ளைகள் சிரித்தால் பல்லெல்லாம் பழுப்புக் கோடு. செல்வி வீட்டில் இன்னமும் போர் தண்ணீர்தான் குடிக்கிறார்கள். அதனால்

மேனகா: அப்பா, அது பல்லையும் எலும்பையும்தான் முக்கியமாகப் பிடிக்கும். மூன்று மாதமாக ஒரே பக்கம் தலை வலிப்பதற்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. தண்ணீரை மாற்றச் சொல்லுங்கள், நல்லதுதான். புதன்கிழமைக்கு வாருங்கள்.

முருகன்: ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் தெருவுக்கு எந்த நாளில் வருகிறது என்று அவரையே கேட்டுச் சொல்லச் சொல்லு

இரவு 8.15

மேனகா: அக்கா, இருக்கிறாயா? யாரும் நடுவில் பேச வேண்டாம். எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று உன் வாயால் சொல்லு. அங்கே போய் டாக்டர் கேட்டால் ஒன்றுமில்லைங்க, லேசாக வலிக்கும் என்று சொல்லிவிட்டு வருவாய். உன்னைத் தெரியும்.

செல்வி: மாடு கறந்துவிட்டு வருகிறேன்

ரவி: மூன்று மாதம் பொறுத்தவளை மாடு விடாது

இரவு 8.50

செல்வி: பிடரியில் ஆரம்பித்து வலது காதுக்கு மேல் வரும். கன்றுக்குட்டியைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டின மாதிரி. குத்தாது, அமுக்கும். காலையில் எழுந்திருக்கும்போதே இருக்கும். கண் டாக்டர் கண்ணாடி கொடுத்தார், ஊசியில் நூல் கோக்க நன்றாகத் தெரிகிறது, வலி அப்படியே. சளி என்று மூக்குக்குப் படம் எடுத்தார்கள். பல் டாக்டர் ஒருவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார், நல்ல பல். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். பிபியும் 124க்கு 80. ஒவ்வொரு தடவையும் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுக்கிறார்கள். கேட்டுக்கொண்டு பஸ் ஏறும்போது நான்தான் பொய் சொல்கிறேனோ என்று ஆகிவிடுகிறது

தினேஷ்: அம்மா

செல்வி: வேலைக்குக் கள்ளம் போடுகிறவளுக்குத் தலைவலிதான் வரும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்

லதா: இது யாரைப் பார்த்து? காதுகுத்தில் நான் பொதுவாகச் சொன்னேன். உன் பெயரைச் சொன்னேனா?

செல்வி: நான் யார் பெயரையும் சொல்லவில்லை அண்ணி

குமார்: விடுங்கள் விடுங்கள். காதுகுத்து முடிந்து வருஷம் ஆகப்போகிறது

ரவி: அந்தக் காதுகுத்தில் கறி பற்றாமல் போனதைத்தான் இன்னும் யாரும் விடவில்லை

குமார்: எண்பது பேர் என்று சொன்னது யார்? வந்தது நூற்றி இருபது

மேனகா: கறியை அப்புறம் பார்ப்போம். அக்கா, தலை வாரும்போது பொட்டுப் பக்கம் தொட்டால் நோகிறதா? மெல்லும்போது தாடை ஓய்ந்து போகிறதா? பார்வை மங்குவது, இரண்டாகத் தெரிவது? காலையில் வாந்தி? கை கால் மரத்துப்போவது?

செல்வி: எதுவும் இல்லை. தாடை நோவு பல் பிடுங்கின வாரத்தோடு சரி

மேனகா: நல்லது. 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி வந்தால் இதையெல்லாம் கேட்டே ஆக வேண்டும். இஎஸ்ஆர் என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, எடுத்திருக்கிறார்களா என்று சீட்டில் பார். இதில் எது வந்தாலும், இல்லை ஒரே நொடியில் இடி விழுந்த மாதிரி வலித்தாலும் புதன்கிழமை வரை காத்திருக்காதே. அப்படியே தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிவிட வேண்டும். மாமா, கேட்கிறதா? அப்புறம், ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை போடுகிறாய்?

செல்வி: எப்போதாவது

தினேஷ்: எப்போதாவதா? அடுப்பு மேடையில் அட்டை அட்டையாகக் கிடக்கிறது

செல்வி: மெடிக்கலில் கணக்கில்தான் வாங்குகிறேன். மாசக் கடைசியில் கொடுப்பதற்காகக் குறித்து வைத்திருக்கிறேன். இரு

செல்வி: (படம்)

ரவி: இது பால் கணக்கு நோட்டு அக்கா

செல்வி: ஓரத்தில் பார்

மேனகா: பார்த்தேன். காலை 6 லிட்டர், மாலை 4 லிட்டர், பக்கத்தில் பென்சில் கோடு. ஒரு கோடு என்றால் ஒரு மாத்திரையா?

செல்வி: ஆமாம்

மேனகா: 30 நாளில் கோடு இல்லாத நாள் மூன்றுதான். ஒன்பது நாளில் இரண்டு கோடு. இதற்கு முந்தின பக்கம்?

செல்வி: அதுவும் இதே மாதிரிதான்

மேனகா: எந்த டாக்டரிடமாவது இதைச் சொன்னாயா?

செல்வி: யாரும் கேட்கவில்லை. அது வெறும் தலைவலி மாத்திரைதானே

மேனகா: அக்கா, கோபிக்காமல் கேள். தலைவலிக்குப் போடுகிற மாத்திரையே தலைவலியைப் பிடித்து வைத்துக்கொள்வது உண்டு. பாராசிட்டமால் மாதிரி தனி மருந்து என்றால் மாதத்தில் 15 நாள், இரண்டு மூன்று மருந்து கலந்தது என்றால் 10 நாள். மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே போனால் டாக்டர்கள் இதைச் சந்தேகப்படுவார்கள். ராத்திரி போட்ட மருந்து விடிகாலையில் இறங்கும்போது வலி ஏறும். வலிக்கிறதே என்று மறுபடி போடுவோம். உனக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. முதலில் எதனால் வலித்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஆனால் நோட்டு கண்டிப்பாகப் போக வேண்டும். காலி அட்டையையும் எடுத்துப் போ, என்ன மருந்து என்று பார்ப்பார்கள்.

சண்முகம்: இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லி வருகிறேன்

ரவி: நீங்கள் தண்ணீர் என்றீர்கள் சித்தப்பா

முருகன்: அப்போ இன்றைக்கே நிறுத்திவிடட்டுமா? அட்டையெல்லாம் குப்பையில் போட்டுவிடுகிறேன்

மேனகா: மாமா, தொடாதீர்கள். அதுதான் காரணம் என்றால் நிறுத்தின புதிதில் வலி இன்னும் கூடும், அப்புறம்தான் குறையும். எப்படி நிறுத்துவது, நடுவில் என்ன கொடுப்பது என்று டாக்டர் சொல்ல வேண்டும்.

செல்வி: கூடுமா

மேனகா: சில நாள் கூடலாம் அக்கா. நான் லீவு கேட்டுப் பார்க்கிறேன்

கோவிந்தம்மாள்: (குரல் செய்தி, 2:10)

தினேஷ்: சுக்கை உரசிப் பற்றுப் போடு, நொச்சித் தழையைத் தலையணையில் வை, மாத்திரையைத் தூக்கி எறி. அப்புறம் லதா அத்தை எடுத்துப்போன பித்தளை அண்டா எங்கே என்று கேட்கிறார்கள்

லதா: அண்டா அவர்கள் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது

இரவு 9.40

குமார்: சரி, புதன் கதைக்கு வாருங்கள்

ரவி: காலையில் சீக்கிரம் வந்து பதிவு பண்ணினால்தான் நல்லது. விட்டால் சில்க் போர்டு நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். செவ்வாய் இரவே எங்கள் வீட்டுக்கு வந்துவிடலாமே

செல்வி: உன் மனைவியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறாயா, கேட்காமலா

ரவி: கேட்கிறேன்

லதா: அவள்தான் பொங்கலோடு குழுவை விட்டே போய்விட்டாளே

ரவி: அண்ணி, அதை இப்போது எடுக்க வேண்டாம்

தினேஷ்: நான் ஓசூரில் ஏறிக்கொள்கிறேன். விடியலில் அம்மாவைக் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட ஒரு ஆள் வேண்டும். அவ்வளவுதான்

முருகன்: லோடு செவ்வாயே இறங்கிவிட்டால் நானே போவேன். கம்பெனிக்காரன் டோக்கன் கொடுத்தால்தான் தெரியும்

குமார்: இந்த வருஷம் என்ன விலை மாப்பிள்ளை?

முருகன்: கேட்காதே மச்சான். எனக்கும் ஒரு கோடு போட வேண்டிவரும்

குமார்: அல்போன்சா?

முருகன்: அது முடிந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறேன், வளைகாப்புக்கு வேண்டுமென்றால் எடுத்துப் போ

லதா: இரண்டு பெட்டி கிடைக்குமா அண்ணா?

சண்முகம்: அல்போன்சா என்ற பெயர் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது. நம் பகுதியில்

மேனகா: அப்பா

செல்வி: ஸ்கேன் பட உறையைக் காணோம். பீரோவில் புடவைக்கு அடியில்தான் வைத்தேன். தினேஷ், நீ எடுத்தாயா?

தினேஷ்: இல்லைம்மா. சேலத்திலிருந்து வந்த அன்றைக்கு மாமா காரில்தானே வந்தோம்

குமார்: டிக்கியில் ஒரு பெரிய உறை கிடக்கிறது. நான் இன்சூரன்ஸ் பேப்பர் என்று நினைத்தேன். அதன் மேல்தான் இத்தனை நாளாக ஜாக்கி இருக்கிறது

செல்வி: மடங்கிவிட்டதா

குமார்: ஓரம் லேசாக. படம் தெரிகிறது

மேனகா: அண்ணா, அதை இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்

குமார்: இந்நேரத்திலா? புதன் விடியலில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போகும்போது கொடுக்கிறேன்

தினேஷ்: அப்போ நீங்கள் வருகிறீர்களா மாமா?

குமார்: பார்க்கலாம். லதா எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்கிறாளோ அதைப் பொறுத்து

லதா: ஏழரைக்குள் பந்தலில் இருக்க வேண்டும்

ரவி: அப்படியென்றால் நாலு மணிக்கு அக்காவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரலாமே

லதா: நாலு மணிக்கு அவரை எழுப்புவது யார்?

செல்வி: நான் எழுப்புகிறேன். அந்த நேரத்துக்கு முழித்துக்கொண்டுதான் இருப்பேன்