நாட்டுக்கோழிக்குப் புதினா, துளசி, கற்பூரவல்லி கொடுக்கலாமா?

உச்சிப்புளி_தோப்பு:
30 நாட்டுக்கோழி இருக்கு. தீவனம் கம்பு, குருணை, கூடவே சங்காயத் தூள் (காய்ஞ்ச கழிவுப் பொடிமீனை இடிச்சது). கொஞ்ச நாளா எச்சம் தண்ணியாப் போகுது, ஆனா நல்லா மேயுதுங்க. கடையில ஆன்டிபயாட்டிக் பொடி கலக்கச் சொல்றாங்க, எனக்கு இஷ்டமில்லை. பச்சிலை கொடுத்தா சரியாகுமா? எவ்வளவு கொடுக்கணும்?

பெரியபட்டினம்_லாத்தா:
தம்பி, இலையை அப்புறம் பார்ப்போம். அந்தச் சங்காயம் உப்புப் போட்டுக் காயவச்சதா? உப்பு கூடினா கோழி தண்ணியைக் குடிச்சுக்கிட்டே இருக்கும், எச்சமும் அப்படித்தான் போகும். நம்ம பக்கம் கிணத்துத் தண்ணியும் உவரு. முதல்ல உப்பில்லாமக் காய்ஞ்ச சங்காயம் வாங்குங்க, குடிக்க நல்ல தண்ணி வைங்க.

இலைன்னா என் கட்சி கற்பூரவல்லிதான். 2006-ல ஐரோப்பாவுல வளர்ச்சிக்காகத் தீவனத்துல ஆன்டிபயாட்டிக் கலக்குறதைத் தடை பண்ணாங்க. அங்க அதுக்கு மாத்தா ஓரிகானோங்கிற மூலிகையோட எண்ணெயைக் கலக்குறாங்க. அதுல இருக்கிற கார்வக்ரால், தைமால்ங்கிற கிருமியை அடக்குற ரெண்டு சத்தும் நம்ம கற்பூரவல்லியிலயும் இருக்கு. புதினா உவர்த்தண்ணிக்குக் கருகிடும். இது ஒரு கிளையை ஒடிச்சு நட்டா மணல்லயும் பிடிக்கும். முழு இலையைக் கோழி சீண்டாது, தடிப்பா இருக்கும். பொடிப்பொடியா நறுக்கி ஈரக் குருணையில பிசைங்க. பத்துக் கோழிக்கு ஒரு கைப்பிடி, வாரத்துல ரெண்டு மூணு நாள் போதும்.

முருங்கைக்கீரையை நிழல்ல காயவச்சு நொறுக்கி, நூறு பங்கு தீவனத்துக்கு அஞ்சு பங்கு சேருங்க. மஞ்சக்கரு நல்லா நிறம் ஏறும். வெங்காயத்தை மட்டும் அள்ளிப் போடாதீங்க, அதிகமானா ரத்தம் கெடும்.

சாயல்குடி_பனங்காடு:
எங்க ஆத்தா சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைச்சு உருண்டை கொடுக்கும். அதனால நாங்க தடுப்பூசியே போடுறதில்லை லாத்தா.

பெரியபட்டினம்_லாத்தா:
உருண்டையைத் தாராளமாக் கொடுங்க, ஊசியை விடாதீங்க. வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய், வந்தா ஒரு கூண்டையே காலி பண்ணும். முதல் வாரத்துல குஞ்சுக்குக் கண்ணுலயோ மூக்குலயோ சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில ஊசி. அரசு கால்நடை மருந்தகத்துல கேளுங்க. அந்த இடத்துல எந்த இலையும் நிக்காது.

உச்சிப்புளி_தோப்பு:
சங்காயம் உப்புப் போட்டதுதான் லாத்தா, நாக்குல வச்சுப் பார்த்தேன். இன்னிக்கே நிறுத்திட்டேன்.

பெரியபட்டினம்_லாத்தா:
நல்லது. நாலஞ்சு நாள்ல எச்சம் கெட்டிப்படணும். பச்சையாவோ வெள்ளையாவோ போய், கோழி கழுத்தைத் திருகிக்கிட்டு நின்னா காத்திருக்காதீங்க, உடனே டாக்டரைப் பாருங்க.