கொள்ளிவாய்ப் பேய் முதல் கொத்தி வரை: திருகோணமலைக்காரர்கள் நேரில் கண்டதை எழுதுங்கள்

வயற்காவலன்

பெரும்போக அறுவடைக்கு முந்தின கிழமை. தம்பலகாமத்தில் குடாப் பக்கம் இறங்கும் வயல்களைத் தெரிந்தவர்களுக்கு இடம் சொல்லத் தேவையில்லை. பன்றிக் காவலுக்குச் சித்தப்பாவும் நானும் வாடிக் குடிசையில் இருந்தோம். எனக்கு மீசை அரும்பாத வயது.

நடுச்சாமம் தாண்டி வாய்க்கால் கட்டில் ஒரு வெளிச்சம். இடுப்பளவு உயரம், நீலமும் மஞ்சளும் கலந்த நிறம். டோர்ச் என்றால் நிலத்தில் வட்டம் விழும். இது கதிர்களுக்கு மேலால் வந்தது, ஆனால் ஒரு கதிரிலும் ஒளி படவில்லை. நகர்ந்தது, நின்றது, அணைந்தது. அப்புறம் வாடிக்குப் பின்பக்கம் எரிந்தது.

சித்தப்பா யானைக்கு முன்னால் போய் வெடி கொளுத்துகிற ஆள். அன்றைக்கு ஒரு சத்தமும் போடாமல் அரிக்கன் லாம்பின் திரியை இறக்கி, சிம்னிக்கு மேலே உள்ளங்கையை வைத்து மூடினார். கை சுடும். எடுக்கவில்லை. "எங்கட வெளிச்சத்த அது காணப்படாது" என்று மட்டும் சொன்னார்.

விடிந்ததும் அது நின்ற வரம்பு மூலைக்குப் போய்ப் பார்த்தார். அறுவடைக்காரர்களிடம் அந்த மூலையை விட்டுவிடச் சொன்னார். நான்கைந்து பாய் அகலத்துக்குக் கதிர் அப்படியே நின்று, குருவி தின்று, மழையில் சாய்ந்தது. ஒரு மணியை வீணாக்க விடாத மனிதர் ஏன் அப்படிச் செய்தார்? கேட்க நினைத்தபோது அவர் இல்லை. காவலுக்குப் போகிறவர்கள் யாருக்காவது இந்த வழக்கம் தெரியுமா?

கிண்ணியா மகள்

வயற்காவலன், நீங்கள் எழுதிய "ஒளி படவில்லை" என்ற வரியைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. எங்களுக்கும் அதேதான்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முந்திய காலம். உம்மாவை டவுன் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வாப்பாவும் நானும் திரும்பி வரும்போது ஆட்களை அக்கரை சேர்க்கும் கடைசிப் பாதைப் படகு போய்விட்டது. தெரிந்த ஒருவர் தோணியில் ஏற்றினார். நடுத் துறையில் வலது கைப் பக்கம் வெளிச்சம். வள்ளத்து விளக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். வள்ளத்து விளக்கு என்றால் தண்ணீரில் நீளமாகக் கோடு விழ வேண்டுமே. அதற்குக் கீழே தண்ணீர் கறுப்பாகவே கிடந்தது.

வாப்பா என் தலையைத் தன் மடிக்குள் அமுக்கிப் பிடித்தார். ஆயத்துல் குர்ஸி ஓதுகிறார் என்று தெரிந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. அவருடைய வயிறு அசைவதை என் காது உணர்ந்தது. ஜின் என்றால் ஜின், பேய் என்றால் பேய், பெயர் எனக்குப் பெரிதில்லை. எதற்கும் பயப்படாத வாப்பாவின் வயிறு அப்படித் துடித்ததுதான் இன்னும் போகவில்லை.

நிலாவெளி வாசகன்

நான் இரசாயனவியல் படிப்பிப்பவன். இரண்டு பேரும் பார்த்தது உண்மை என்று நம்புகிறேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் பேய் என்ற முடிவுக்கு அவசரப்படத் தேவையில்லை.

தண்ணீர் நிற்கும் வயலிலும் களப்பு ஓரத்திலும் காற்றுப் புகாத சேற்றில் வைக்கோலும் வேரும் அழுகும்போது நுண்ணுயிர்கள் மீதேன் வாயுவை உண்டாக்குகின்றன. 1776இல் வோல்டா என்ற இத்தாலியர் மஜோரே ஏரிச் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்து ஆராய்ந்து, அது எரியும் வாயு என்று காட்டினார். பல நாடுகளில் சதுப்பு உள்ள இடங்களில் இந்த வெளிச்சத்துக்குப் பேய்ப் பெயர் இருக்கிறது. அது எதைக் காட்டுகிறது என்று யோசியுங்கள். மங்கலான சுவாலைக்குக் கதிரை வெளிச்சமாக்கும் பலம் கிடையாது. தண்ணீரில் கோடு விழாததற்கும் காரணம் அதுவாக இருக்கலாம்.

"சரி, பற்ற வைத்தது யார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மீதேன் தானாகப் பற்ற 500 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அழுகலில் இருந்து வரும் பொசுபீன் வகை வாயுக்களில் சில காற்றுப் பட்டவுடன் தாமாக எரியக்கூடியவை, அவை திரி வேலை செய்கின்றன என்பது ஒரு விளக்கம். ஆய்வாளர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்ட விளக்கம் அல்ல. எதுவானாலும், பிள்ளைகளை இருட்டுக்குப் பயப்படுத்தி வளர்க்காதீர்கள். பயந்த பிள்ளை வரம்பில் ஓடும், ஓடினால் விழும், பாம்புப் புற்று இருக்கும். இரவில் வயலுக்குப் போகிறவர்கள் சப்பாத்து போடுங்கள், கையில் தடி வைத்திருங்கள், தனியாகப் போகாதீர்கள். ஆபத்து பேயில் இல்லை, கண்ணாடி விரியனில் இருக்கிறது.

என் அனுபவம் சிறியது. நிலாவெளி உப்பளத்துக்குப் பின்னால் அப்படியொரு வெளிச்சத்தைக் கண்டு, வாயுவைப் பிடிக்கலாம் என்று வெறும் போத்தலுடன் நடந்தேன். நான் நடக்க அது விலகியது. நடக்கிறவன் தள்ளும் காற்று அதையும் தள்ளும், அது விளங்குகிறது. நான் நின்றேன். அதுவும் நின்றது. அதுவும் விளங்குகிறது. அப்புறம் காற்று இல்லாத அந்த இடத்தில் அது என்னை நோக்கி வந்தது. போத்தலின் மூடியைத் திறந்து பிடித்தபடி நின்றேன். கை எட்டும் தூரத்தில் அணைந்தது. எந்த மணமும் இல்லை.

சாம்பல்தீவுப் பேத்தி

வாத்தியார், உங்கள் விளக்கம் வெளிச்சத்துக்குச் சரியாக இருக்கலாம். வெளிச்சமே இல்லாமல் வருவதற்கு என்ன சொல்வீர்கள்?

என் அம்மம்மா மருத்துவிச்சி. ஆறு மணிக்குப் பிறகு ரோட்டில் ஆள் இறங்க முடியாத காலம், சென்றியை, அதாவது இராணுவக் காவலரணை, தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாது. பக்கத்து வளவு மாமிக்கு வலி எடுத்துவிட்டது. வாசல் நிலையில் வேப்பங்கொத்து, கட்டிலுக்குக் கீழே பாக்குவெட்டி. பிரசவ வீட்டுக்கு வரும் கொத்திப் பேய்க்கு இரும்பு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெந்நீர் தூக்கும் வேலை எனக்கு.

பிள்ளையின் தலை தெரிகிற நேரம் அம்மம்மா திடீரென்று எழும்பி, இரத்தக் கையோடு வாசலுக்குப் போனார். வெளியே யாரும் இல்லை. நாய் கூட இல்லை. அவர் இருட்டைப் பார்த்து, கோபமே இல்லாமல், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கதைக்கிற குரலில், "இது எங்கட பிள்ளை. உன்ர இல்ல. உன்ர பிள்ளைக்கு நான் அழுறன், நீ போ" என்றார். வாசல் வேப்பிலையை ஒருக்கால் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார். பிள்ளை நல்லபடி பிறந்தது, இன்றைக்கு அவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

பிரசவத்தில் செத்தவள்தான் கொத்தியாகிறாள் என்பார் அம்மம்மா. பேயை விரட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதட்டுவார்கள், அடிப்பார்கள், சாம்பிராணி போடுவார்கள். பேய்க்காக அழுகிறேன் என்று சொன்னவரை நான் வேறு எங்கும் காணவில்லை. தன் கையிலேயே செத்த யாரையாவது அவர் அன்றைக்கு அங்கே கண்டாரா? அதைத்தான் இன்று வரை யோசிக்கிறேன்.

பழைய வட்டவிதானை

தம்பி வயற்காவலன், உங்கள் சித்தப்பா செய்தது சரி. அது பேய் இல்லை, பூதம். இந்த வேறுபாடு தெரியாமல் எல்லோரும் கொள்ளிவாய் கொள்ளிவாய் என்று எழுதுகிறீர்கள். வாத்தியார் தம்பி இத்தாலி வரை போய்விட்டார், கந்தளாய் வரை வரவில்லை. குளக்கோட்டு மன்னன் பூதங்களைக் கொண்டுதான் கந்தளாய்க் குளத்தைக் கட்டினான் என்று நம் முன்னோர் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தக் குளத்துத் தண்ணீர்தான் தம்பலகாமத்து வயலுக்கு வருகிறது. வேலை செய்தவனுக்குப் பங்கு கொடுக்காமல் முழு வயலையும் அறுப்பது முறையா? சித்தப்பா விட்ட மூலை பூதத்தின் பங்கு.

அதனால்தான் களவெட்டிக்கு, அதாவது நெல் அடிக்கும் களத்துக்கு, ஒழுங்கு இருந்தது. கேளுங்கள். களத்துக்குள் செருப்போடு ஏறக்கூடாது. நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். "இல்லை", "முடிந்தது", "போதும்" ஆகிய சொற்கள் வாயில் வரக்கூடாது. குவியலைக் கை நீட்டிக் காட்டக்கூடாது. சாக்கு நிரம்பும்போது எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லக்கூடாது. குவியலின் உச்சியில் ஒரு இரும்பு இருக்க வேண்டும். பொழுது பட்டபின் களத்துக்கு வந்தவன் தண்ணீர் கேட்டால் கொடு, நெருப்புக் கேட்டால் கொடுக்காதே. இப்போது மெஷின் வயலுக்குள்ளேயே அறுத்து அடித்துச் சாக்கில் போட்டுவிடுகிறது, களவெட்டியே இல்லை, பிறகு யாருக்கு ஒழுங்கு? 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய்க் குளம் உடைந்து எத்தனை உயிர் போனது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். குளக்கட்டு வேள்வியை அசட்டை செய்யாதீர்கள் என்று அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் கண்டது: வெளியூரில் இருந்து கூலிக்கு வந்த பெடியன் ஒருவன், தூற்றி முடிகிற நேரம், "அண்ணே, முடிஞ்சுது" என்று கத்திவிட்டான். காற்று நின்றது. வேலை செய்த எல்லோரும் கையை நிறுத்தினோம். குவியலின் ஒரு பக்கம், யாரும் தொடாமல், மெல்லச் சரிந்து உள்வாங்கியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சீனன்குடா

1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றிலேயே வந்து விழுந்தது, உருகிய அந்த இரும்பு காட்டுக்குள் இன்னும் கிடக்கிறது. அந்தப் பக்கம் இரவுக் காவல் பார்த்தவன் நான். வெளிச்சம், உருவம், ஒன்றும் காணவில்லை. மழை பெய்து ஓய்ந்த ஒரு இரவு, சுற்றிலும் ஈரம், எங்கும் நெருப்பு இல்லை. எண்ணெயும் மயிரும் சேர்ந்து கருகும் மணம் வந்தது. என்னோடு நின்றவர் தன் தலையைத் தடவிப் பார்த்தார், தன் மயிர்தான் எரிகிறது என்று நினைத்து. நானும் அதே நேரம் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவ்வளவுதான்.

உப்புவெளி

எழுதலாமா என்று யோசித்து யோசித்துத்தான் எழுதுகிறேன்.

இரவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தரம் கேட்கும் வரை பதில் சொல்லக்கூடாது. பேய் இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாது. இதைக் கேட்டுத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம்.

2004 டிசம்பர் 26, பௌர்ணமிப் போயா நாள் காலை, என் அக்காவைக் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் மாசிப் பனியில், நாங்கள் தகரக் கொட்டிலில் இருந்தபோது, கிணற்றடிப் பக்கம் அக்காவின் குரல். என் பெயரை அவள் எப்போதும் பாதியாக்கித்தான் கூப்பிடுவாள், வேறு யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அப்படியே கேட்டது. அம்மா விழித்துக்கொண்டிருந்தார், அவருக்கும் கேட்டிருக்கிறது. இருட்டில் என் வாயைப் பொத்தக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைத் தள்ளிவிட்டு முதல் கூப்பிடுதலுக்கே "ஓம் அக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு குரல் வரவில்லை. எனக்கு ஒரு காய்ச்சலும் வரவில்லை, ஒரு கெடுதியும் நடக்கவில்லை. அம்மாதான் அன்றிலிருந்து அழுகிறார், "நீ பேசாம இருந்திருந்தா அவள் இன்னும் ரெண்டு தரம் கூப்பிட்டிருப்பாள்" என்று.

பழைய வட்டவிதானை

உப்புவெளி மகள், மனதைத் தளர விடாதீர்கள். உடல் கிடைக்காதவர்களுக்குச் செய்ய வேண்டிய முறை இருக்கிறது. கன்னியாவில் ஏழு கிணறும் இராவணேசன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியது என்பது நம் ஐதீகம், 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையை நம் ஆட்கள் அங்கே செய்வதும் அதனால்தான். தருப்பையில் உருவம் செய்து கடன் கழிக்கலாம். காலையில் போங்கள், சனம் குறைவு. ஏழு கிணற்றிலும் அள்ளி வார்க்க வேண்டும், ஒன்றையும் விடக்கூடாது, சூடு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், பயப்படத் தேவையில்லை. வாளி கொண்டு போங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள். வீட்டுக் கிணற்றடியில் ஒரு வேப்பங்கன்று வையுங்கள். செவ்வாய், வெள்ளி பொழுதுபட்டால் சாம்பிராணி போடுங்கள், குரல் திரும்ப வராது.

கிண்ணியா மகள்

ஐயா, கோபிக்க வேண்டாம். நீங்கள் பெரியவர், நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் குரல் திரும்ப வரக்கூடாது என்று அந்தத் தங்கை எங்கே கேட்டார்? அவருடைய உம்மா எதற்காக அழுகிறார் என்று இன்னொரு தரம் வாசியுங்கள். எங்கள் கரையிலும் அன்றைக்குப் போனவர்கள் கணக்கில்லை. அவர்களைப் பேய்க் கணக்கில் சேர்த்து விரட்டும் முறை சொல்ல வேண்டாம்.

உப்புவெளித் தங்கை, உங்கள் உம்மாவுக்கு என் ஸலாம்.

வெருகல்

எங்கள் பக்கம் யாரும் எழுதவில்லை, அதனால் நான். ஆற்றங்கரை மருத மரத்தில் முனி இருக்கிறது என்பார்கள். உச்சி வெயிலில்தான் நடமாட்டம், இரவில் இல்லை. மாடு சாய்க்கப் போன அண்ணா மரத்தடியில் படுத்துவிட்டார். எழும்பியபோது அவருடைய சாரத்தின் முந்தியில் ஒரு முடிச்சு. பிரித்தால் உள்ளே ஈர மண். அந்த முடிச்சை அவர் போடவில்லை, பக்கத்தில் ஆளும் இல்லை. மண்ணை ஆற்றில் போட்டுவிட்டு மாடுகளை எண்ணினார், எல்லாம் இருந்தன. முடிச்சு இடது கைக்காரன் போட்ட முடிச்சு என்கிறார் அண்ணா. எங்கள் ஊரில் இடது கைக்காரர் அப்போது ஒருவரும் இல்லை. மூதூர், ஈச்சிலம்பற்றுப் பக்கம் இப்படி முடிச்சுப் போட்டு வைத்ததைக் கண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள். மண் வேண்டாம், உள்ளே வேறு ஏதாவது இருந்ததா என்றும் சொல்லுங்கள்.