ஃபிளாஷ் பாயின்ட்: ‘தீப்பற்று வெப்பநிலை’ ஏன் பொருந்தாது?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

காலணித் தொழிற்கூடங்களில் பயன்படும் இரப்பர் சொல்யூஷன் என்னும் பசையின் பாதுகாப்புத் தரவுத்தாளைத் தமிழாக்கும்போது, அதன் ஒன்பதாம் பகுதியில் வரும் ஃபிளாஷ் பாயின்ட் (சுடரைக் காட்டினால் நீர்மத்தின் ஆவி நொடிப்பொழுது பற்றும் மிகக் குறைந்த வெப்பநிலை) என்பதைத் ‘தீப்பற்று வெப்பநிலை’ என்றே எழுதிவிடலாம் என்று நண்பர்கள் பலர் கருதுகிறார்கள். அச்சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைப் படைத்துக் குழப்பத்தைக் கூட்டக் கூடாது என்ற அவர்களுடைய வாதத்தை மதிக்கிறேன். ஆனால் ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ இராணிப்பேட்டையிலோ பசை தடவும் மேசைக்கு அருகில் ஒட்டப்படப்போகும் தாளில் அச்சொல் என்ன பொருளைத் தரும் என்று பார்த்தால், அதை ஏற்க என்னால் இயலவில்லை.

இரப்பரை ஹெக்சேன் போன்ற பெட்ரோலிய நீர்மத்தில் கரைத்துச் செய்த சொல்யூஷனை எடுத்துக்கொள்வோம். கரைந்திருக்கும் இரப்பர் ஆவியாகாது. ஆகவே தீ என்று வரும்போது அந்தப் பசையின் குணம் பெரும்பாலும் ஹெக்சேனின் குணமே. ஹெக்சேனின் ஃபிளாஷ் பாயின்ட் ஏறத்தாழ மைனஸ் 22 டிகிரி செல்சியஸ். இதைத் ‘தீப்பற்று வெப்பநிலை: மைனஸ் 22’ என்று எழுதினால், பள்ளியில் எரிவெப்பநிலையைப் பற்றிப் படித்த எந்தத் தொழிலாளரும், அந்த வெப்பநிலையை அடைந்தவுடன் பொருள் எரியத் தொடங்கிவிடும் என்றே புரிந்துகொள்வார். வேலூர்ப் பக்கத்து வெயிலில் கூடத்துக்குள் 38 டிகிரி இருக்கும்போதும் கிண்ணத்திலுள்ள பசை எரியாமல் இருப்பதை அவர் நாள்தோறும் பார்க்கிறார். எண் தவறாக அச்சாகியிருக்கிறது, அல்லது அந்தத் தாளுக்கும் தன் வேலைக்கும் தொடர்பில்லை என்ற முடிவுக்கு அவர் வருவது இயல்பு. அவரை அந்த முடிவுக்குத் தள்ளுவது நாம் எழுதும் சொல்தான்.

உண்மையில் அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சொல் அங்கிருந்துதான் பிறக்க வேண்டும். மூடியிட்ட சிறு கிண்ணத்தில் நீர்மத்தை ஊற்றிக் குளிர்வித்து, பின்னர் மெல்ல வெப்பமேற்றுகிறார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் மூடியிலுள்ள சிறு திறப்பை விலக்கி, விரல்நுனியளவு சுடர் ஒன்றை உள்ளே தாழ்த்தி உடனே எடுத்துவிடுகிறார்கள். முதலில் ஒன்றும் நிகழ்வதில்லை. ஏதோ ஒரு வெப்பநிலையில் நீர்மத்தின் மேலிருக்கும் ஆவி நீலச் சுடராகக் குப்பென்று பரவி, அதே நொடியில் அணைந்துபோகிறது. அந்த வெப்பநிலைதான் நாம் தேடுவது. எரிந்தது ஆவி மட்டுமே. எரிய வைத்தது வெளியிலிருந்து வந்த சுடர். ஹெக்சேன் ஆவி காற்றில் 1.1 விழுக்காட்டைத் தொட்டால்தான் எரியும், ஏறத்தாழ 7.5 விழுக்காட்டைத் தாண்டினால் எரிவதற்குப் போதிய காற்று இராது. மைனஸ் 22 டிகிரி என்பது அந்தக் கீழ் எல்லையை எட்டுமளவுக்கு ஆவி எழும்பும் வெப்பநிலை.

பிரித்தானிய வேதியியலர் பிரெடரிக் ஏபல் வகுத்த இந்த மூடிய கிண்ணச் சோதனையை 1879ஆம் ஆண்டின் பிரித்தானியப் பெட்ரோலியச் சட்டம் ஏற்று, 73 டிகிரி பாரன்ஹீட்டை எல்லையாக வைத்தது. அது செல்சியஸில் ஏறத்தாழ 23. நம் நாட்டின் பெட்ரோலியச் சட்டத்திலும் 23 டிகிரிக்குக் கீழ் உள்ளவை ‘ஏ’ வகுப்பு, 23 முதல் 65 வரை ‘பி’ வகுப்பு, 65 முதல் 93 வரை ‘சி’ வகுப்பு. உரிமம், கிடங்கின் அமைப்பு, எத்தனை லிட்டர் வைத்துக்கொள்ளலாம் என்பவையெல்லாம் இந்த ஓர் எண்ணைப் பொறுத்தே மாறுகின்றன. இத்தனை கனத்தைச் சுமக்கும் எண்ணுக்கு மங்கலான பெயர் வைப்பது முறையாகாது.

அடுத்து, இதே தாளில் வேறு இரண்டு வெப்பநிலைகளும் வரக்கூடும். சுடரை எடுத்த பிறகும் தீ குறைந்தது ஐந்து நொடியாவது நீடித்து எரியும் வெப்பநிலை ஒன்று. சுடரோ பொறியோ இல்லாமலே வெறும் சூட்டினால் ஆவி எரியத் தொடங்கும் வெப்பநிலை மற்றொன்று. ஹெக்சேனுக்கு இந்த மூன்றாவது எண் ஏறத்தாழ 225 டிகிரி. மைனஸ் 22க்கும் 225க்கும் ‘தீப்பற்று வெப்பநிலை’ என்ற பெயர் ஒன்றுபோலப் பொருந்துகிறது என்பதே அப்பெயரின் குறை. பெட்ரோலையும் டீசலையும் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தீக்குச்சியைக் காட்டினால் முதலில் பற்றுவது பெட்ரோல். ஆனால் சூட்டினால் மட்டும் தானே எரியத் தொடங்குவதற்குப் பெட்ரோலைவிடக் குறைந்த வெப்பமே டீசலுக்குப் போதும். அதனால்தான் டீசல் எஞ்சினுக்குப் பொறிச்செருகி (ஸ்பார்க் பிளக்) தேவைப்படுவதில்லை. இவ்விரு குணங்களையும் ஒரே சொல்லால் குறித்தால் எது ஆபத்து மிக்கது என்ற கேள்விக்கு நம் தாள் இரண்டு விடைகளைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

முன்மொழியப்பட்ட பிற சொற்களுக்கு வருகிறேன். ‘மின்னுநிலை’ கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது, ஃபிளாஷ் என்பதையும் நேராகப் பிடிக்கிறது. ஆனால் தமிழ்க் கலைச்சொற்களில் ‘மின்’ என்றாலே மின்சாரம் என்று ஆகிவிட்டது. அதே தாளில் இரண்டு வரிகள் தள்ளி ‘நிலைமின்’ (உராய்வால் சேரும் மின்சாரம்) வரப்போகிறது. மின்னுநிலையையும் நிலைமின்னையும் அடுத்தடுத்துப் படிப்பவர் தடுமாறாமல் இருக்க மாட்டார். ‘தீப்பொறி நிலை’ என்பது தீ எதனால் மூண்டது என்பதைச் சொல்கிறதே தவிர, எந்த நிலையில் மூளும் என்பதைச் சொல்லவில்லை. ‘ஆவிப்பற்று நிலை’ சரியான திசையில் வைத்த அடி. ஆனாலும் நாட்டுப்பற்று, மொழிப்பற்று என்று பழகிய காதுக்குப் ‘பற்று’ என்ற பெயர்ச்சொல் வேறு பொருளைத் தந்துவிடும், போதாததற்கு முன்னால் ‘ஆவி’ வேறு நிற்கிறது.

இந்தச் சிக்கலைப் பெயரெச்சம் தீர்த்துவிடுகிறது. ‘ஆவி பற்றும் வெப்பநிலை’ என்று எழுதினால் ‘பற்றும்’ என்பது வினையாகவே நிற்கும், எது பற்றுகிறது என்பதும் சொல்லிலேயே இருக்கும். மற்ற இரண்டும் ‘எரி நீடிக்கும் வெப்பநிலை’, ‘தானே பற்றும் வெப்பநிலை’ என்று அமையும். மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் வேறுபாடு விளக்கமின்றியே புலப்படும். உருகுநிலை, கொதிநிலை ஆகியவற்றைப் போல ஒரே சொல்லாகச் சுருங்கவில்லை என்ற குறையை ஏற்கிறேன். பாடநூலுக்கு ‘ஆவிபற்றுநிலை’ என்று சேர்த்து எழுதிக்கொள்ளலாம். எச்சரிக்கைத் தாளில் நீளத்தைவிடத் தெளிவே முதன்மை.

சொல்யூஷன் என்பதைக் ‘கரைசல்’ என்று மாற்றலாமா என்ற கேள்வியும் எழுந்தது. வேதியியலில் அது மிகச் சரியான சொல். ஆனால் உப்புக்கரைசல், சர்க்கரைக் கரைசல், வேப்பங்கொட்டைக் கரைசல் என்று நம் மக்கள் அன்றாடம் அறிந்த கரைசல்கள் அனைத்தும் தண்ணீரில் செய்தவை. ‘இரப்பர்க் கரைசல்’ என்று படிப்பவரின் மனத்தில் தண்ணீர் வந்து நின்றுவிட்டால், தீ மூண்டவுடன் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றத்தான் அவர் கை போகும். ஹெக்சேனோ தண்ணீரைவிட இலேசானது, அதன் அடர்த்தி ஏறத்தாழ 0.66. ஊற்றிய தண்ணீரின் மேல் எரிந்தபடியே மிதந்து தரையெங்கும் பரவும். நுரை, உலர் தூள், கரியமில வாயு ஆகிய தீயணைப்பான்களே இதற்கு உகந்தவை. எனவே தலைப்பில் ‘இரப்பர் சொல்யூஷன்’ என்று தொழிலாளர்கள் சொல்லும் பெயரையே வைத்துவிட்டு, அதன் கீழே ‘ஹெக்சேனில் கரைத்த இரப்பர், தண்ணீர் கலந்ததன்று’ என்று ஒரு வரி சேர்ப்பதே நல்லது என்று கருதுகிறேன்.

எண்ணை அச்சிடும் முறையும் இதே அளவுக்கு முக்கியம். சொல்லுக்குப் பின் ஒரு கோடிட்டு 22 என்று எழுதினால் அது கழித்தல் குறியா, வெறும் இடைக்கோடா என்று தெரியாது. 22 என்று படித்துவிட்டால், குளிரூட்டிய அறையில் பசை ஆபத்தற்றது என்ற எண்ணம் வந்துவிடும். ‘மைனஸ் 22’ என்று எழுத்திலேயே எழுதிவிட வேண்டும்.

‘காலி டிரம்’ என்ற வழக்கைப் பற்றியும் ஒரு சொல். அது நம் தாளில் இடம்பெறவே கூடாது. 200 லிட்டர் டிரம்மில் 1.1 விழுக்காடு ஆவி சேர்வதற்கு 12 மில்லிலிட்டர் ஹெக்சேன் போதும் என்று கணக்கு காட்டுகிறது. அது ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவு. நிறைந்த டிரம்மின் உள்ளே ஆவி மிகுந்திருப்பதால் எரிவதற்குப் போதிய காற்று இருக்காது. அடியில் சில துளிகள் மட்டும் மிஞ்சியிருக்கும் டிரம்மில்தான் ஆவியும் காற்றும் வெடிப்பதற்கேற்ற அளவில் கலந்திருக்கும். அதை வெட்டுவதற்காக வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிச் செல்பவர் ‘காலி’ என்ற சொல்லை நம்பியே செல்கிறார். ‘பசை தீர்ந்த டிரம், உள்ளே ஆவி உண்டு’ என்று எழுதலாம்.

மேற்சொன்னவற்றின்படி மேசையருகே ஒட்டும் பகுதிக்கு ஒரு வரைவு தருகிறேன். திருத்தங்களை வரவேற்கிறேன்.

“இந்தப் பசையின் ஆவி பற்றும் வெப்பநிலை மைனஸ் 22 டிகிரி. எனவே எல்லாப் பருவத்திலும், திறந்திருக்கும் கிண்ணத்தைச் சுற்றி எரியக்கூடிய ஆவி இருக்கும். இந்த ஆவி காற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது. தரையோடு படர்ந்து தொலைவிலுள்ள நெருப்பைத் தொட்டு, அங்கிருந்து தீயை இங்கே கொண்டுவரும். ஆவியை வெளியேற்றும் விசிறி மேசை மட்டத்திலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். டிரம்மிலிருந்து கிண்ணத்துக்கு ஊற்றும் முன் இரண்டையும் கம்பியால் இணைத்து எர்த் செய்யவும். உங்கள் விரல் உணராத அளவு சிறிய நிலைமின் பொறியும் இந்த ஆவியைப் பற்றவைக்கும். தூரிகை நுழையுமளவு மட்டும் துளையுள்ள மூடியைக் கிண்ணத்தின் மேல் எப்போதும் வைத்திருக்கவும்.”