‘ஆவணம்’ என்ற ஒரு சொல் இரண்டு வேலை பார்க்கலாமா?

அன்புள்ள ஐயா, நண்பர்களே, வணக்கம்.

‘ரெக்கார்ட்’ (நடந்ததற்குச் சான்றாக மாற்றாமல் வைக்கும் பதிவு) என்பதற்குத் தாங்கள் முன்வைத்த ‘பதிவாவணம்’ என்ற சொல்லைப் பல வாக்கியங்களில் வைத்து எழுதிப் பார்த்தேன். பொருள் பொருந்துகிறது. ஆனால் புதுச் சொல் தேவைப்படுவது ‘ரெக்கார்ட்’டுக்கு அன்று, ‘டாக்குமெண்ட்’டுக்குத்தான் (இன்னும் திருத்தக்கூடிய தாள்) என்று எனக்குப் படுகிறது. இரண்டையுமே நாம் ‘ஆவணம்’ என்று எழுதி வருகிறோம். மலாயில் ‘டோக்குமென்’, ‘ரெக்கோட்’ என இரு கடன்சொற்கள் இருப்பதால் அங்கே இந்தக் குழப்பம் எழுவதில்லை.

இது வெறும் சொல் பிரச்சினை அன்று. பினாங்கில் நான் செயலாளராக இருந்த ஒரு சங்கத்தில் மண்டபக் கூரையைப் புதுப்பித்தோம். குத்தகையாளர் மூன்று முறை விலைப்பட்டியல் அனுப்பினார். செயலவை ஏற்றது இரண்டாவதை. மூன்றாவதில் அவர் உட்கூரை வேலையையும் சேர்த்திருந்தார். அதைச் செயலவை பார்க்கவே இல்லை. மூன்றையும் ‘ஆவணங்கள்’ என்ற ஒரே கோப்புறையில் நானே போட்டு வைத்திருந்தேன். கூட்டக் குறிப்பிலோ ‘விலைப்பட்டியல் ஏற்கப்பட்டது’ என்ற ஒரு வரிதான் இருந்தது. பொருளாளர் கடைசியாக வந்ததே முடிவானது என்று கருதி, மூன்றாவதன்படி முன்பணம் கொடுத்துவிட்டார். ஆண்டுக்கூட்டத்தில் உறுப்பினர்கள் கேட்டபோது, எது பேச்சுவார்த்தைக்கு உரியது, எது முடிவுக்குச் சான்று என்று பிரித்துக் காட்ட எங்களிடம் சொல்லும் இல்லை, முறையும் இல்லை.

ஆவண மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 15489 (2001இல் வந்து 2016இல் திருத்தப்பட்டது) ‘ரெக்கார்ட்’டின் உயிரே சான்றாக நிற்பதுதான் என்கிறது. தமிழில் ‘ஆவணம்’ நெடுங்காலமாக அந்தப் பொருளில் வழங்கி வருகிறது. பெரியபுராணத்தில், சுந்தரர் தன் அடிமை என்று சொல்லி வந்த முதியவர் காட்டியதும் சுந்தரர் கிழித்ததும் படியோலை (நகல்). திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்கைத் தீர்த்தது மூலவோலை (அசல்). ஆட்சி (வழக்கில் இருந்து வருவது), ஆவணம், அயலார் காட்சி (பிறர் சாட்சி) என்று அங்கே எண்ணப்படும் மூன்று சான்றுகளில் ஆவணமும் ஒன்று. ஆகவே அந்தச் சொல்லை அதன் பழைய வீட்டிலேயே விட்டுவிடுவோம்.

திருத்தத்துக்கு இன்னும் இடமுள்ள தாளுக்கு, அது கணினியில் இருந்தாலும், ‘பணியேடு’ என்பதை முன்மொழிகிறேன். நாளேடு, குறிப்பேடு, கணக்கேடு என்று பழகிய காதுக்கு இது அந்நியமாக ஒலிக்காது. ஏடு என்றால் கட்டிய புத்தகம் அல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். ஓலைச்சுவடியில் ஒற்றை ஓலையும் ஏடுதானே.

பணியேடு ஆவணமாக மாறும் அந்தக் கணத்துக்கும் ஒரு வினை வேண்டும். ‘ஆவணப்படுத்தல்’ ஏற்கெனவே வேறு பொருளில் வழங்குகிறது. இங்கே எனக்கு ஆனைமங்கலச் செப்பேடு நினைவுக்கு வருகிறது. கடாரத்து (இன்றைய கெடா) அரசன் நாகப்பட்டினத்தில் எடுத்த புத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் அந்த ஊரின் வருவாயைத் தந்தான். வாய்மொழியாகச் சொன்ன ஆணை முதலில் ஓலையில் எழுதப்பட்டது, பிறகு ‘வரியிலிடப்பட்டது’ (வரிக் கணக்கில் பதியப்பட்டது), அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் செம்பில் வெட்டப்பட்டது. ஒவ்வொரு படிக்கும் அவர்களிடம் தனி வினை இருந்தது. அந்தக் கெடாவின் ஜெராய் மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் உட்கார்ந்து இதை எழுதும்போது, அந்தக் கணக்கர்கள் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டாகிறது. ‘வரியிலிடுதல்’ போல ‘ஆவணத்திலிடுதல்’ என்று சொல்லலாம்: ஏற்றவர் பெயர், நாள், எண் மூன்றும் சேர்ந்த பிறகே ஒரு பணியேடு ஆவணத்திலிடப்படும்.

தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலையின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு ‘டாக்குமெண்ட்’, ‘ரெக்கார்ட்’ என்ற இரண்டு பெயர்களையும் ஒன்றாக்கிவிட்டதே என்று தாங்கள் சுட்டியது உண்மை. எனினும் வேறுபாடு மறையவில்லை. பெயரிலிருந்து வினைக்கு (‘மெயின்டெயின்’, ‘ரீடெயின்’) இடம்பெயர்ந்தது, அவ்வளவே. காலத்துக்கேற்பத் திருத்தி வருவதைப் ‘பேணுதல்’ என்றும், மாற்றாமல் வைத்திருப்பதைக் ‘காத்துவைத்தல்’ என்றும் தமிழில் எழுதினால் அந்தப் பிரிவும் அப்படியே வந்துவிடும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தலைவர் வாட்ஸ்அப்பில் ‘சரி, செய்யுங்கள்’ என்று அனுப்பும் ஒரு வரி, பணியேடாக ஒரு நாளும் இருக்காமல், பிறக்கும்போதே சான்றாகிவிடுகிறது. அதையும் ‘ஆவணத்திலிட’ வேண்டுமா, அல்லது அதற்கு வேறு வினை தேவையா என்பதைத் தாங்களும் மற்றவர்களும் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து